அமைதிப் பள்ளத்தாக்கு

நீலகிரி மலைத்தொடரின் தென்மேற்கு மூலையில், கேரள மாநிலத்துப் பாலக்காடு மாவட்டத்தில், ஓங்கிய மலைகள் மதிலெனச் சூழ்ந்து நிற்க, அவற்றின் நடுவே ஒரு பள்ளத்தாக்கு அமைந்துள்ளது. அதன் பரப்பு ஏறத்தாழ 90 சதுர கிலோமீட்டர். குந்திப்புழை என்னும் ஆறு அதன் வடபால் தோன்றித் தெற்கு நோக்கி ஓடி, மலைகளின் இடுக்கைக் கடந்து, மண்ணார்க்காட்டுச் சமவெளியில் இறங்குகின்றது. பின்னர்த் தூதப்புழையொடு கலந்து, பாரதப்புழையின் நீராகி அரபிக்கடலை அடைகின்றது. பாண்டவரின் தாயாகிய குந்தியின் பெயரை ஆறு பெற்றது. விராடன் அரண்மனையில் திரௌபதி பூண்ட பெயராகிய சைரந்திரி என்பதைக் காடு பெற்றது. சைரந்திரி வனம் என்பதே அவ்வட்டாரத்து மக்கள் வழங்கிய பழம்பெயர்.

ஆங்கிலேயர் அதனை 'சைலண்ட் வேலி' என்றனர். தமிழில் அமைதிப் பள்ளத்தாக்கு என்பர். அப்பெயர் வந்த காரணம் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. காடுகளில் இடையறாது இரையும் சிள்வண்டின் ஓசை அங்கே கேளாமையால் அப்பெயர் வந்ததென்பர் சிலர். சைரந்திரி என்னும் சொல் ஆங்கிலேயர் நாவில் திரிந்து அவ்வாறாயிற்று என்பர் வேறு சிலர். அங்கு வாழும் சிங்கவால் குரங்கின் அறிவியற் பெயரில் உள்ள 'சைலினஸ்' என்பதே மூலம் என்பாரும் உளர். எது மெய்யென்று துணிதல் அரிது. மழைக்காலத்தில் ஆற்றின் இரைச்சலையும் தவளைகளின் ஒலியையும் கேட்டவர் எவரும் அவ்விடத்தை அமைதியானது என்று கூற ஒருப்படார்.

இராபர்ட் வைட்டு என்னும் தாவர நூலறிஞர் 1847-ஆம் ஆண்டில் இப்பள்ளத்தாக்கினை ஆராய்ந்தார். 1914-இல் அது காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. நெடுங்காலம் மக்கள் குடியிருப்பு நிலைபெறாத காடாகவே அது இருந்துவந்தது. சுற்றிலும் செங்குத்தாக எழுந்த மலைகளும், ஆண்டுதோறும் பொழியும் பெருமழையுமே அதற்குக் காவலாக நின்றன.

ஆயினும், காட்டுக்கு அரணாய் அமைந்த அதே நில அமைப்பு, அணை கட்டுவோர் கண்ணுக்கு வேறொரு வகையில் சிறந்து தோன்றியது. அகன்ற பள்ளத்தாக்கின் நீரெல்லாம் ஓர் இடுக்கின் வழியாகவே வெளியேறுகின்றது. அவ்விடுக்கை அடைத்துவிட்டால் நீர் தேங்கும். தேங்கிய நீரை மலையடிவாரத்திற்கு வீழ்த்தினால் மின்சாரம் பிறக்கும். சைரந்திரி என்னும் இடம் இதற்கேற்றது என்பதை 1928-ஆம் ஆண்டிலேயே பொறியாளர் கண்டிருந்தனர். 1958-இல் அளவைப் பணி நடைபெற்றது. பின்னர்க் கேரள மாநில மின்சார வாரியம் திட்டத்தை வகுத்தது. ஏறத்தாழ 130 மீட்டர் உயரமுள்ள அணை; முதற்கண் 120 மெகாவாட் மின்சாரம், பின்னர் அது 240 மெகாவாட் ஆகும்; கீழுள்ள நிலங்களில் 10,000 ஹெக்டேருக்குப் பாசனம். நீரில் மூழ்கும் காடு ஏறக்குறைய 830 ஹெக்டேர். 1973-இல் நடுவணரசின் திட்டக்குழு இதற்கு ஒப்புதல் அளித்தது.

இத்திட்டத்தை விரும்பியவர்களைக் காட்டின் பகைவர் என்று எண்ணுதல் பிழை. அக்காலத்து மலபார்ப் பகுதி மின்சாரத்தில் பின்தங்கிக் கிடந்தது. தொழில் வளரவில்லை, இளைஞர்க்கு வேலை இல்லை. வீட்டில் விளக்கெரிய வேண்டும், ஆலை ஓட வேண்டும், வயலுக்கு நீர் பாய வேண்டும் என்று மக்கள் கேட்டது முறையான வேண்டுகோளே. குறை அவர்களுடைய ஆசையில் இல்லை. திட்டத்தை ஆராய்ந்தோர் கேட்ட கேள்விகளிலேதான் இருந்தது. பாறை உறுதியானதா, மழை எவ்வளவு பெய்யும், சிமிட்டி எவ்வளவு வேண்டும், செலவு யாது, மின்சாரத்தின் விலை யாது என்றெல்லாம் நுணுகிக் கேட்டனர். அந்தக் காட்டில் வாழ்வன எவை, அவை இவ்விடத்தை விட்டால் வேறெங்கு வாழும் என்று மட்டும் கேட்கவில்லை. அக்காலத்துக் கணக்கேடுகளில் காடு என்பது பெரும்பாலும் மரக்கட்டையின் விலையாகவே இடம்பெற்றது. விலையில்லாத ஒன்றுக்குக் கணக்கேட்டில் நிரல் ஏது?

இக்கேள்வியை எழுப்பியவற்றுள் முதன்மையானது ஒரு குரங்கு எனலாம். சிங்கவால் குரங்கு மேற்குத் தொடர்ச்சி மலையில் அன்றி உலகில் வேறெங்கும் இயல்பாக வாழ்வதில்லை. கரிய உடலும், முகத்தைச் சூழ்ந்த வெண்சாம்பல் நிறப் பிடரிமயிரும், நுனியில் குஞ்சமுடைய வாலும் கொண்டது. சோலைமந்தி என்றும் இதனை வழங்குவர். ஊர்க்குரங்கைப்போல் கோயிலிலும் கடைத்தெருவிலும் திரிந்து பிழைக்க இது கற்றதில்லை. பசுமை மாறாச் சோலையின் மரமுடிகளிலேயே பிறந்து, அங்கேயே உண்டு உறங்கி, கிளைவிட்டுக் கிளை தாவியே தன் வாழ்நாளைக் கழிப்பது. தரையில் இறங்குவது அரிது. வெடிப்பலா என்னும் மரத்தின் பூவும் விதையும் இதற்குத் தலையாய உணவு. ஒரு மரம் காய்க்காத காலத்தில் மற்றொரு மரம் காய்த்தல் வேண்டும். ஆண்டு முழுதும் ஏதேனும் ஒரு கனி கிடைக்குமளவு பலவகை மரங்கள் செறிந்த பெருங்காடு வேண்டும். குட்டி ஈனுவதோ ஏறத்தாழ மூன்றாண்டுக்கு ஒரு முறை. அழிந்தது மீண்டும் பெருகுதற்கு நெடுங்காலம் ஆகும் என்பது இதனால் விளங்கும்.

1970-களின் முற்பகுதியில் திருநெல்வேலிச் சீமையின் களக்காட்டு மலையிலும் அதனை ஒட்டிய காடுகளிலும் இக்குரங்குகளைப் பற்றி ஸ்டீவன் கிரீன் முதலிய ஆராய்ச்சியாளர் ஆராய்ந்தனர். அவை வாழ்தற்கேற்ற அகன்ற காடுகள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன என்றும், அவற்றுள் ஒன்று அமைதிப் பள்ளத்தாக்கு என்றும் அவர்கள் எடுத்துரைத்தனர். 1978-ஆம் ஆண்டில் அஷ்காபாத் நகரில் கூடிய பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமும், களக்காட்டையும் அமைதிப் பள்ளத்தாக்கையும் இக்குரங்கின்பொருட்டுக் காத்தல் வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது.

திட்டத்தை ஆதரித்தோர் இதற்கு ஒரு விடை வைத்திருந்தனர். 'பள்ளத்தாக்கு முழுவதுமா மூழ்கப்போகின்றது? பத்தில் ஒரு பங்குதானே! எஞ்சிய ஒன்பது பங்கில் குரங்குகள் வாழட்டும்' என்றனர். கூட்டல் கழித்தல் அறிந்த எவர்க்கும் இது நியாயமாகத் தோன்றும். ஆனால் காடு என்பது ஒரு துணிச்சுருள் அன்று. எந்த முழத்தை வெட்டினாலும் எஞ்சியது அதே துணியாக இருக்கும் என்பதற்கு இல்லை. மூழ்கவிருந்த பகுதி ஆற்றங்கரைத் தாழ்நிலம். உயர்ந்த சரிவில் உள்ள புல்வெளியும் குட்டை மரச் சோலையும் அதற்கு ஈடாகா. நடுவே நீர்த்தேக்கம் பரந்தால் இக்கரைக் கூட்டமும் அக்கரைக் கூட்டமும் பிரியும். மேலும், அணை தானே வந்து நிற்பதில்லை. அதற்குச் சாலை வேண்டும். பல்லாண்டுகள் பல்லாயிரம் தொழிலாளர் தங்குதற்குக் குடியிருப்பு வேண்டும். அவர்கள் சமைப்பதற்கு விறகு வேண்டும். சாலை திறந்த இடத்தில் மரக் கடத்தலும் வேட்டையும் பின்தொடரும். 830 ஹெக்டேர் என்ற எண் நீரின் அளவையே காட்டியது. சேதத்தின் அளவைக் காட்டவில்லை.

துண்டுபட்ட காட்டில் இக்குரங்கின் நிலை யாதாகும் என்பதை ஆனைமலையில் வால்பாறைக்குச் செல்வோர் நேரிற் காணலாம். அங்கே தேயிலைத் தோட்டங்களுக்கிடையே சோலைகள் தீவுகள்போல் தனித்து நின்றுவிட்டன. மரமுடியை விட்டு இறங்காத அவ்விலங்கு, வேறு வழியின்றித் தரையில் நடந்து சாலையைக் கடக்கின்றது. வண்டிகளில் அடிபட்டு இறக்கின்றது. வீடுகளின் கூரைமீதும் ஏறுகின்றது. சாலையின் இருமருங்கிலும் உள்ள மரங்களை இணைத்துக் கயிற்றாலும் துணிப்பட்டையாலும் பாலம் அமைத்து, அவை மேலேயே கடக்குமாறு செய்ய வேண்டியதாயிற்று. கிளை இருந்த இடத்தில் கயிறு!

அமைதிப் பள்ளத்தாக்கின் செய்தியில் மாணவர்கள் ஊன்றி நோக்கத்தக்க இடம் ஒன்று உண்டு. 1976-ஆம் ஆண்டில், சுற்றுச்சூழல் திட்டமிடலுக்கான தேசியக் குழு, ஜாபர் புத்தஹல்லி என்பாரின் தலைமையில் ஓர் ஆய்வுப்படையை அமைத்தது. பறவைகளையும் காடுகளையும் நன்கறிந்தவர் அவர். ஆய்வுப்படை திட்டத்தைக் கைவிடுதலே தக்கது என்று கூறியது. அத்தோடு நில்லாமல், 'கைவிட இயலாதாயின், இன்னின்ன பாதுகாப்புகளைச் செய்தல் வேண்டும்' என்று 17 நிபந்தனைகளையும் எழுதிச் சேர்த்தது. நல்லெண்ணத்தோடு எழுதிய பகுதிதான் அது. ஆனால் அறிக்கையைப் படித்தோர் முன்பகுதியைக் கடந்து பின்பகுதியில் வந்து நின்றனர். நிபந்தனைகளை நிறைவேற்றிவிடுகிறோம், ஆதலின் அணையைக் கட்டலாம் என்று மாநில அரசு கூறிற்று. தக்க பாதுகாப்புச் சட்டம் இயற்றவேண்டும் என்று சொல்லி 1978-இல் நடுவணரசும் இசைவளித்தது. 1979-இல் மாநிலச் சட்டமன்றம் அத்தகைய சட்டத்தையும் இயற்றியது. வேண்டாம் என்று சொல்ல வந்த அறிக்கையே ஆம் என்பதற்குச் சான்றாயிற்று. மதிப்பீடு செய்வோர் 'இது செய்யத்தக்கதா' என்னும் கேள்வியையும் 'இதனை எவ்வாறு செய்யலாம்' என்னும் கேள்வியையும் ஒரே ஏட்டில் கலந்து எழுதுவரேல், இரண்டாவது முதலாவதை விழுங்கிவிடும்.

அதன்பின் நிகழ்ந்தவை பலராலும் எழுதப்பட்டவை. பள்ளி ஆசிரியர்களும் அறிவியலாரும் நிறைந்த கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்து 1979-இல் ஓர் ஆய்வு நூலை வெளியிட்டது. தாவரவியல் பேராசிரியர் எம். கே. பிரசாத் முதலியோர் அதனை எழுதினர். காட்டின் அருமையை மட்டும் பாடாமல், மின்சாரத்தின் கணக்கையும் கையில் எடுத்ததே அந்நூலின் சிறப்பு. மலபாரின் மின்சாரக் குறைக்கு மின்கம்பிகளின் போதாமையும் ஒரு காரணம். கம்பிவழியில் வீணாவதைக் குறைத்தும், அனல்மின் நிலையம் அமைத்தும் தேவையை நிறைவு செய்யலாம் என்று அவர்கள் எடுத்துக்காட்டினர். காட்டைக் காப்பாற்றியவர்களுள் கவிஞர் பலர் உண்டு. சுகதகுமாரி அம்மையாரின் பாடல்கள் கேரளம் முழுதும் ஒலித்தன. ஆயினும், மாற்றுவழி ஒன்றைக் காட்டாதிருந்தால், பாடல்கள் மட்டும் ஓர் அணையை நிறுத்தியிருக்குமா என்பது ஐயமே.

பறவையியல் அறிஞர் சாலிம் அலி வேண்டுகோள் விடுத்தார். அந்நாளில் நடுவணரசின் வேளாண்துறைச் செயலராக விளங்கிய கும்பகோணத்தவரான எம். எஸ். சுவாமிநாதன், 1979-இல் திட்டத்தைக் கைவிடுமாறு பரிந்துரைத்தார். அமைதிப் பள்ளத்தாக்கு, புதிய அமரம்பலம், அட்டப்பாடி, தமிழ்நாட்டின் குந்தா ஆகிய நான்கையும் சேர்த்து 389.52 சதுர கிலோமீட்டர் அளவுள்ள மழைக்காட்டுக் காப்பகம் அமைக்கலாம் என்பது அவர் கருத்து. மாநில எல்லைக்கோடு வரைபடத்தில் உண்டேயன்றிக் காட்டில் இல்லை என்பதை அக்கருத்து காட்டுகின்றது. 1980 ஜனவரியில் கேரள உயர்நீதிமன்றம், திட்டத்தைப் பற்றி முடிவு செய்தல் அரசின் பணி என்று கூறித் தடைகோரிய வழக்கைத் தள்ளிவிட்டது. பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் பணியை நிறுத்திவைக்குமாறு மாநில அரசைக் கேட்டுக்கொண்டார். எம். ஜி. கே. மேனன் தலைமையில் பல துறை அறிஞர் குழு அமைந்து, 1983-இல் அறிக்கை அளித்தது. திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பரில் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1985 செப்டம்பர் 7-ஆம் நாள் பிரதமர் இராஜீவ் காந்தி அதனைத் தொடங்கிவைத்தார்.

இவ்வாண்டுகளுக்கிடையே நிகழ்ந்த ஒரு சிறு செய்தி, பெரிய செய்திகளைவிடச் சிந்திக்கத்தக்கது. பள்ளத்தாக்கின் விரைந்தோடும் நீரோடைகளில், ஈரப் பாறைகளை ஒட்டி, சிறிய தவளை ஒன்று வாழ்கின்றது. 1973-இல் அணைக்கு ஒப்புதல் கிடைத்தபொழுது அதற்கு அறிவியலில் பெயரே இல்லை. அது தனி இனம் என்று கண்டு, 1981-ஆம் ஆண்டில்தான் 'மைக்ரிக்சாலஸ் தம்பியை' என்று பெயரிட்டனர். அணை திட்டமிட்டவாறு எழுந்திருக்குமேல், அத்தவளையை எந்தக் கணக்கில் சேர்ப்பது? பெயரில்லாதது அழிந்ததென்று எந்த ஏட்டில் எழுதுவது? கே. எஸ். மணிலால் தொகுத்து 1988-இல் வெளிவந்த தாவர நூல், அக்காட்டுப் பூக்கும் செடிவகைகள் 966 என்று கணக்கிட்டது. அவற்றுட் சில அதுவரை எவரும் அறியாதவை. முன்னாளில் நம் நாட்டில், பழுதுற்ற ஓலைச்சுவடிகளை ஆடிப் பெருக்கன்று ஆற்றில் விடுதல் புண்ணியம் என்று எண்ணி, பிரித்தும் பாராமல் விட்டுவந்தனர். மறைந்த நூல்கள் எவை என்பதைக்கூட அறியமாட்டாமல் தமிழுலகம் இன்றளவும் வருந்துகின்றது. படியாத சுவடியை வெள்ளத்தில் விடுவதும், எண்ணாத காட்டை நீரில் மூழ்குவிப்பதும் ஒருதன்மைத்தான செயல்களே.

ஒரு பெருந்திட்டத்தைத் தொடங்குமுன், அதனால் நிலமும் நீரும் காற்றும் உயிர்களும் எவ்வாறு மாறும் என்று ஆராய்ந்து எழுதுவதைச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு என்பர். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1970 ஜனவரி முதல் நாளன்று கையொப்பமான சட்டம் இதனைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் 1976-77-ஆம் ஆண்டுகளில் ஆற்றுத் திட்டங்களை இம்முறையில் நோக்கும் வழக்கம் தொடங்கியது. ஆனால் அதற்குச் சட்டத்தின் வலு இல்லை. 1994 ஜனவரியில் வெளியான அறிவிக்கையே அதனைக் கட்டாயமாக்கிற்று. 2006 செப்டம்பரில் அதனிடத்தில் வேறோர் அறிவிக்கை வந்தது. 1992-இல் உருவான பல்லுயிர் உடன்படிக்கையின் 14-ஆம் பிரிவும், இந்திய நாடாளுமன்றம் 2002-இல் இயற்றிய பல்லுயிர்ச் சட்டத்தின் 36-ஆம் பிரிவும், உயிரினங்களுக்குக் கேடு செய்யத்தக்க திட்டங்களை மதிப்பிட்டுப் பார்த்தலை அரசின் கடமையாகச் சொல்லுகின்றன.

சட்டம் வந்தமையால் அமைதிப் பள்ளத்தாக்கில் பத்தாண்டுப் போராட்டத்தால் பெற்ற அறிவு தானே எங்கும் பரவிவிட்டது என்று கொள்ளலாகாது. மதிப்பீட்டில் உயிர்களைச் சேர்ப்பதென்பது, அறிக்கையின் இறுதியில் விலங்குகளின் பெயர்ப்பட்டியல் ஒன்றை ஒட்டுவது அன்று. யானை, மான், மயில் என்று நிரல்படுத்திவிட்டு, 'திட்டத்தால் பெரும் பாதிப்பு இல்லை' என்று முடிப்பது எளிது. எண்ணுதற்குக் காலம் வேண்டும். 1994-ஆம் ஆண்டு முறையில், விரைவு மதிப்பீடு என்ற பெயரால், ஒரே ஒரு பருவத்தில், அதுவும் மழைக்காலம் அல்லாத பருவத்தில், திரட்டிய செய்திகளைக் கொண்டே அறிக்கை எழுத இடமளிக்கப்பட்டிருந்தது. சேறும் அட்டையும் இல்லாத நாட்களில் காட்டுக்குச் செல்வது ஆய்வாளர்க்கு வசதியே. ஆனால் தவளைகளுட் பல மழையில்தான் குரலெழுப்பும்; மலையாற்றுப் பெருமீன்கள் புதுவெள்ளத்தில்தான் மேலேறி முட்டையிடும்; விதையாகவும் கிழங்காகவும் மண்ணுள் கிடந்த செடிகள் மழைக்குப் பின்னரே முளைத்துப் பூக்கும். கோடையில் சென்றவன் கண்டது வெறும் பாறையும் சருகும். அவன் பொய் எழுதவில்லை. காணாததை எழுதவில்லை, அவ்வளவே.

இன்னொரு குறையும் உண்டு. மதிப்பீட்டைச் செய்பவர்க்கு ஊதியம் தருபவர் திட்டத்தைத் தொடங்க விரும்புபவரே. மாணவன் தன் விடைத்தாளைத் திருத்த ஆசிரியரைத் தானே அமர்த்திக்கொள்வது போன்றது இது. ஆதலின்தான் 2006-ஆம் ஆண்டு முறையில், அறிக்கையில் என்னென்ன ஆராயவேண்டும் என்பதை முன்கூட்டியே வல்லுநர் குழு வரையறுத்தல், அவ்வூர் மக்கள் முன் அறிக்கையை வைத்து அவர் கருத்தைக் கேட்டல், பின்னர் வல்லுநர் சீர்தூக்கல் எனப் படிகள் வகுக்கப்பட்டுள்ளன. திட்டத்தின் எல்லையிலிருந்து 15 கிலோமீட்டருக்குள் அரிய உயிர்கள் வாழும் இடம் உண்டா என்பதை விண்ணப்பத்திலேயே தெரிவித்தல் வேண்டும். இவ்வினாவுக்கு உண்மை விடை எழுதாமை சிறு பிழையன்று. கோவா மாநிலத்து மோபா விமான நிலையத் திட்டத்தில், காடுகளைப் பற்றியும் அண்மையிலுள்ள நுண்ணிய சூழலிடங்களைப் பற்றியும் உரிய செய்தி தரப்படவில்லை என்று கண்ட உச்ச நீதிமன்றம், 2019 மார்ச்சில் அதன் அனுமதியை நிறுத்திவைத்தது. மீண்டும் ஆராய்ந்தபின், 2020 ஜனவரியில் நிபந்தனைகளோடு இசைந்தது.

காட்டை அறிந்தவர் நகரத்து ஆய்வாளர் மட்டும் அல்லர். அமைதிப் பள்ளத்தாக்கை அடுத்த அட்டப்பாடியில் இருளரும் முதுகரும் குறும்பரும் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். எந்தக் கிழங்கு எந்த மாதத்தில் தோண்டத்தக்கது, தேனீ எந்த மரத்தில் கூடு கட்டும், யானை எந்தத் துறையில் ஆறு கடக்கும் என்பன அவர்க்கு ஏட்டறிவு அல்ல. இரண்டு வாரம் தங்கிச் செல்லும் ஆய்வாளன் அவர்களிடம் கேட்டு எழுதுவானாயின், இரண்டாண்டில் அறிவதையும் அறியலாம். கேட்பதற்கு அடக்கம் வேண்டும். பட்டம் பெற்றவர்க்கு அது எளிதில் வருவதில்லை.

கேடு விளையும் என்று தெரிந்தபின் செய்யத்தக்கது யாது? கேட்டை முற்றும் தவிர்த்தல் முதல் நெறி. இயலாதபொழுது குறைத்தல், குலைந்ததைச் சீராக்கல், இவை ஒன்றும் கூடாதபொழுதே ஈடுசெய்தல். நடைமுறையிலோ பலர் இறுதிப் படியிலேயே முதற்கால் வைக்கின்றனர். இங்கே வெட்டும் மரத்துக்கு ஈடாக வேறோர் இடத்தில் இரு மடங்கு நடுவோம் என்பர். தேக்கையும் தைலமரத்தையும் நேர்வரிசையில் நட்டு, எண்ணிக்கை சரியாயிற்று என்று காட்டுவர். அவ்வரிசையில் சிங்கவால் குரங்கு எதைத் தின்னும்? வெடிப்பலாவை நட்டாலும் அது காய்க்குமளவு வளரும் வரையில் அக்குரங்குக் கூட்டம் எங்கே காத்திருக்கும்? சில இழப்புகளுக்கு ஈடு உண்டு, சிலவற்றுக்கு இல்லை. எது எவ்வகை என்று பிரித்துச் சொல்லுதலே மதிப்பீட்டின் உயிர்நிலை.

அமைதிப் பள்ளத்தாக்கின் கதை 1985-இல் முடிந்துவிடவில்லை. 2001-ஆம் ஆண்டில், பழைய அணையிடத்திற்குக் கீழே, பூங்காவின் எல்லைக்குச் சற்று வெளியே, பாத்திரக்கடவு என்னுமிடத்தில் வேறொரு நீர்மின் திட்டம் வகுக்கப்பட்டது. பழையதைக் காட்டிலும் மிகச் சிறிய நீர்த்தேக்கம்; பூங்காவின் ஓர் அடி நிலமும் மூழ்காது என்றனர். ஆனால் எல்லைக்கல்லுக்கு அப்பால் நின்றுவிடும் காடு ஏது? யானையும் மீனும் எல்லைக்கல்லைப் படித்து நடப்பவை அல்ல. நெடிய சொற்போருக்குப் பின், 2007-இல் பூங்காவைச் சூழ்ந்த 148 சதுர கிலோமீட்டர் காடு அதன் காப்புவளையமாக அறிவிக்கப்பட்டது. பாத்திரக்கடவிலும் அணை எழவில்லை.

இன்று முக்காலி என்னும் ஊரிலிருந்து வனத்துறை வண்டியில் 23 கிலோமீட்டர் மலைப்பாதையில் சென்றால் சைரந்திரியை அடையலாம். அங்கே உயர்ந்த காட்சிக்கோபுரம் ஒன்று நிற்கின்றது. அதன் உச்சியில் ஏறி வடக்கு நோக்குவோர்க்கு இடையீடின்றிப் பரந்த மரமுடிகள் தெரியும். தெற்கே, மலைகளின் இடுக்கை நோக்கிக் குந்திப்புழை இறங்கிச் செல்வது தெரியும். பொறியாளர் 1928-இல் குறித்துவைத்த இடம் அதுவே.